நெற்றியும் வாலும்

அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் உட்காரும் இளம்பெண் ஒரு மாலை என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இது வெறும் க்யூதானே? எதுக்கு இதுக்கு ஃபிரான்டியர்னு பேர் வெச்சிருக்கீங்க?"

"எல்லாரும் அப்படித்தாம்மா வெக்கிறாங்க."

"அது பதில் இல்லையே சார்."

இல்லைதான். நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரு சின்ன க்ராலர். தமிழ் இதழ்களின் தளங்களில் இருந்து பக்கங்களை இறக்கி, எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆசை. இப்படிப்பட்ட புரோகிராமின் நடு வேலை நாலைந்து வரிகளில் அடங்கிவிடும். ஆரம்பத்துக்குச் சில முகவரிகளை ஒரு பட்டியலில் போடு. தலையில் இருப்பதை எடு. அந்தப் பக்கத்தை இறக்கு. அதில் இருக்கும் லிங்க்குகளைப் பொறுக்கு. முன்பு பார்க்காதவற்றை வாலில் சேர். பட்டியல் தீரும்வரை இதையே செய். அந்தப் பட்டியலின் பெயர் ஃபிரான்டியர். நான் வைத்த பெயரல்ல. படித்த புத்தகத்தில் இருந்தது, கையும் அப்படியே தட்டிவிட்டது. அன்று இரவு வீட்டில் அகராதிகளை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் க்யூ. இலத்தீனில் 'காவ்டா' என்றால் வால். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது தேய்ந்து தேய்ந்து க்யூ ஆனது. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் வாலாகத்தான் நுழைந்தது. பிரபுக்களின் கேடயச் சின்னங்களில் சிங்கத்துக்கு வரைந்த வாலுக்கு அந்தப் பெயர். பிறகு ஆண்கள் பின்னந்தலையில் தொங்கவிட்ட சடைக்கு வந்தது. பில்லியர்ட்ஸ் கோலும் அதே வால்தான், எழுத்துக்கூட்டு மட்டும் மாறிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் நிற்பதைக் குறித்து ஆங்கிலத்தில் அகராதிகள் காட்டும் முதல் சான்று 1837க்கு உரியது. தாமஸ் கார்லைல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாறு. பாரிஸில் ரொட்டிக் கடை வாசலில் மக்கள் வால் பிடித்து நின்றதை அவர் கொஞ்சம் வியப்பாகவும் கொஞ்சம் நக்கலாகவும் எழுதியிருக்கிறார். இப்படித் தானாக வரிசை கட்டுவது பிரெஞ்சுக்காரர்களுக்கே உரிய திறமையாம். வரிசையில் நிற்பதை இங்கிலாந்துக்காரர்களின் தேசிய குணம் என்று இன்று சொல்கிறவர்கள் கார்லைலைப் படித்தால் சிரிப்பார்கள்.

வாலைச் சொல்லி வரிசையை உணர்த்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரேஷன் கடைக்குப் போய் நின்றவர்களுக்கு அது புரியும். போனதும் கேட்கிற முதல் கேள்வி "கடைசி யாருங்க?" என்பதுதான். தலை யாரென்று ஒருவரும் கேட்பதில்லை, அது எடைபோடுகிறவர் பாடு. புதிதாக வருகிறவனுக்கு வேண்டியது வால் மட்டுமே. வெயில் ஏறினால் ஆட்கள் நிழலுக்கு ஒதுங்கிவிடுவார்கள். வரிசையில் பை நிற்கும், சில இடங்களில் செங்கல் நிற்கும், செருப்பு நிற்கும். கணினியில் நிற்பதும் ஆள் அல்ல, பைதான். பக்கம் எங்கேயோ ஒரு சர்வரில் படுத்திருக்கிறது. அதன் முகவரி மட்டும் இங்கே இடம்பிடித்து நிற்கிறது.

முகவரி என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. முகத்தில் எழுதும் வரி. யூஆர்எல்லுக்கு நம்மவர்கள் 'உரலி' என்று ஒலியை ஒட்டி ஒரு சொல் செய்தார்கள். மாவாட்டும் உரல் ஞாபகம் வருவதால் எனக்கு அது ஒட்டவில்லை. வலை முகவரி என்பதே நாக்குக்கு இதம். யூஆர்எல்லின் முதல் எழுத்துக்கு 'அனைத்துலக' என்ற பொருள் வேண்டும் என்றுதான் டிம் பெர்னர்ஸ்-லீ விரும்பினார். தர ஆவணம் 1994 டிசம்பரில் வெளிவந்தபோது அது 'ஒரே சீரான' என்று அடங்கிவிட்டது. அந்தச் சீர் எவ்வளவு சீர் என்பதை நானே அனுபவித்தேன், பின்னால் சொல்கிறேன்.

இனி ஃபிரான்டியர். இதன் வேர் இலத்தீனின் 'ஃப்ரோன்ஸ்': நெற்றி. ஸ்பானியத்தில் இன்றும் நெற்றிக்கு 'ஃப்ரென்டே' என்கிறார்கள். நெற்றியில் இருந்து எதிரே தெரியும் பக்கம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல் பரவியது: கட்டடத்தின் முகப்பு, படையின் முன்வரிசை. பிரெஞ்சில் 'ஃப்ரோன்தியேர்' என்று ஆனபோது முதலில் எதிரியைப் பார்த்து நிற்கும் படையின் முன்னணியைத்தான் சுட்டியது. அந்தப் படை தங்கிய கோட்டைகளை அப்புறம் அப்படி அழைத்தார்கள். கோட்டைகள் இருந்த நிலம் அதற்கும் பிறகு. நாடுகளுக்கு நடுவே கோடு என்ற பொருள் கடைசியில்தான் படிந்தது. லூசியன் ஃபெவ்ர் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1928இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பெயினின் தெற்கே ஹெரெஸ் தெ லா ஃப்ரொந்தேரா, ஆர்கோஸ் தெ லா ஃப்ரொந்தேரா என்று வால் நீண்ட ஊர்ப் பெயர்கள் உண்டு. கஸ்தீலியக் கிறிஸ்தவ அரசுக்கும் கிரனாடாவின் முஸ்லிம் அரசுக்கும் இடையே முட்டிக்கொண்டிருந்த ஊர்கள். கிரனாடா 1492இல் விழுந்தது. எதிரி போன பிறகும் நெற்றி ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

தமிழில் இதே பாதையை நடந்த சொற்கள் உண்டு. முன்னணி என்பது முன் நிற்கும் அணி. இன்றைக்கு அது நடிகர்களுக்கும் அரசியல் கூட்டணிகளுக்கும் போய்விட்டது. அதைவிட நெருங்கியது முனை. சங்கப் பாடல்களில் முனை என்றால் பகைவரைச் சந்திக்கும் இடம், போர்க்களம். இன்று பென்சிலுக்கு முனை, தெருவுக்கு முனை, விமான நிலையத்தில் முனையம். கோட்டுருக்களைப் பற்றிய கணிதத்தில் கோடுகள் சந்திக்கும் புள்ளிக்கும் முனை என்கிறார்கள். வலை முழுவதையும் ஒரு கோட்டுருவாகப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் ஒரு முனை, ஒவ்வொரு லிங்க்கும் ஒரு கோடு. இதைத் தெரிந்து வைத்தார்களோ தெரியாமல் வைத்தார்களோ, நன்றாக விழுந்திருக்கிறது.

ஆக, அந்தப் பெண் கேட்ட கேள்வியின் உள்ளே இருந்தது இது: வாலுக்கு ஏன் நெற்றி என்று பெயர்?

ஐரோப்பாவில் ஃபிரான்டியர் என்றால் நிறுத்தும் இடம். சாவடி, துப்பாக்கி, சுங்கம். அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதும் அது தலைகீழாகிவிட்டது. அங்கே அது போய்க்கொண்டே இருக்கும் இடம். குடியேறியவர்கள் நிலத்தின் ஓரம், வருடா வருடம் மேற்கே நகரும் ஓரம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்கு ஒரு அளவுகூட வைத்திருந்தார்கள்: சதுர மைலுக்கு இரண்டு பேர். அதற்குக் குறைந்தால் 'குடியேறாத' நிலம். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இனி அப்படி ஒரு கோடு வரைய முடியாது என்று சொல்லிவிட்டது. 1893இல் சிகாகோவில் ஃப்ரெடெரிக் ஜாக்சன் டர்னர் படித்த கட்டுரை, அமெரிக்கக் குணத்தையே உருவாக்கியது அந்த நகரும் ஓரம்தான் என்றது. நிலம் தீர்ந்ததும் சொல் வானத்தில் ஏறிக்கொண்டது. 1945இல் வன்னெவர் புஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் விஞ்ஞானம் முடிவில்லாத ஃபிரான்டியர் ஆனது. 1960இல் கென்னடி தன் தேர்தலுக்கே அந்தப் பெயரை வைத்தார். 1990இல் இணைய உரிமைகளுக்காகத் தொடங்கிய அமைப்பும் தன்னை எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் என்று அழைத்துக்கொண்டது.

சதுர மைலுக்கு இரண்டு பேர் கூட இல்லை என்று எண்ணியவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளை எந்தக் கணக்கில் வைத்தார்கள் என்பது டர்னரைப் பின்னால் படித்தவர்கள் எல்லாம் கேட்ட கேள்வி. அந்தச் சொல்லில் இருக்கும் ஓட்டை அது: அப்பால் யாருமே இல்லை என்ற நினைப்பு. க்ராலர் எழுதுகிறவர்களுக்கு அந்த ஓட்டை சும்மா கிடைத்த பரம்பரைச் சொத்து.

ஆனால் கணினிக்காரர்கள் நேராக டர்னரிடம் போய்ச் சொல் வாங்கவில்லை. தேடும் வழிமுறைகளில் 'பார்த்தாயிற்று', 'தெரியும், ஆனால் இன்னும் போகவில்லை', 'தெரியவே தெரியாது' என்று மூன்று வகை எப்போதும் உண்டு. நடுவில் இருக்கிற வகைக்கு வெகு காலம் ஒழுங்கான பெயர் இல்லை. 1959இல் டைக்ஸ்ட்ரா மிகக் குறுகிய வழி காணும் முறையை எழுதியபோது அதை 'பி' என்ற எழுத்தால் குறித்துவிட்டுப் போய்விட்டார். 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் 'ஏ ஸ்டார்' முறையில் அதற்குத் 'திறந்தது' என்றும் முடிந்ததற்கு 'மூடியது' என்றும் பெயர் வைத்தார்கள். கடை ஷட்டர் போல. ரஸ்ஸலும் நார்விக்கும் எழுதிய செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் உலகம் முழுக்கக் கல்லூரிகளில் ஓடுகிறது. 2003இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இந்த வகைக்குப் பெயர் 'ஃப்ரிஞ்ச்'. துணியின் ஓரத்தில் தொங்கும் குஞ்சம். அடுத்த பதிப்பில் குஞ்சத்தைக் கத்தரித்துவிட்டு ஃபிரான்டியர் என்று மாற்றினார்கள். 'திறந்த பட்டியல்' என்ற பழைய பெயரில் நிலவியல் மணம் போதவில்லை என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு இப்படிக் காரணம் சொல்லும் கணினிக்காரர்கள் அபூர்வம். அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி எழுந்து தண்ணீர் குடித்தேன். துணியின் ஓரம், படையின் ஓரம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பதிப்பு கடந்து போக வேண்டியிருந்தது. தமிழில் தானை என்றால் படை. தானை என்றால் துணியும்தான். முன்தானைதான் முன்றானையாகி முந்தானையானது. அம்மா இடுப்பில் செருகிக்கொள்வதும், மன்னன் முன்னால் அனுப்புவதும் ஒரே சொல்லுக்குள் அடங்குகிற மொழி இது. நல்ல வேளை, யாரும் இதைக் கலைச்சொல் குழுவில் சொல்லிவிடவில்லை. மாறிக்கு 'முந்தானை' என்று பெயர் வைத்தால் நாளைக்கு என் குழுவில் எவனும் வேலை பார்க்க மாட்டான்.

இன்னொன்று, சும்மா ரசிக்க. இலத்தீனில் ஃப்ரோன்ஸ் என்றே இன்னொரு சொல் உண்டு. அதற்கு அர்த்தம் இலை. நெற்றிக்கும் இதற்கும் உறவில்லை, வேற்றுமை உருபு ஏற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். ஆனால் தேடல் மரத்தில் இன்னும் விரிக்காத நுனிகளுக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயரும் இலைதான். அந்த இலைகளின் தொகுதிதான் ஃபிரான்டியர். உறவில்லாத இரண்டு சொற்கள் இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரே மரத்தில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

வலைக்கு வருவோம். 1993இல் எம்ஐடி மாணவர் மேத்யூ கிரே பெர்ல் மொழியில் எழுதிய க்ராலருக்கு, தமிழில் சொன்னால் ஊர்வானுக்கு, 'வாண்டரர்', அதாவது நாடோடி என்று பெயர். 1994 ஏப்ரலில் பிரையன் பிங்கர்டனின் வெப்க்ராலர். நாடோடி தவழ்வானாகிவிட்டான். தமிழில் ஊர்தல் என்றால் தவழ்வதும் உண்டு, வண்டியில் ஏறிச் செல்வதும் உண்டு. எறும்பும் ஊர்கிறது, ஊர்தியும் ஊர்கிறது. 1998இல் செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் கூகுளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதிக்கு வெறும் 'யூஆர்எல் சர்வர்' என்றே பெயர். பெயர் வைக்கும் பொறுமை இல்லாத நேரம்.

ஃபிரான்டியர் என்ற பெயர் க்ராலரின் உறுப்பாகத் தெளிவாக வந்து அமர்ந்தது 1999இல். காம்பாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹெய்டன், மார்க் நயோர்க் இருவரும் ஜாவாவில் எழுதிய க்ராலர் அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் மெர்கேட்டர். 1569இல் உலக வரைபடத்தை வரைந்த ஃபிளெமிஷ்காரர் கெரார்டஸ் மெர்கேட்டரின் பெயர். வரைபடக்காரரின் பெயரைத் தாங்கிய இயந்திரத்துக்குள் எல்லை என்று ஒரு உறுப்பு. இது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மெர்கேட்டர் என்பதும் அவருடைய சொந்தப் பெயரல்ல. வீட்டில் க்ரேமர், அதை இலத்தீனாக்கிக்கொண்டார். இரண்டுக்கும் வணிகர் என்றே பொருள். நம் ஊரில் செட்டியார் வரைந்த வரைபடம் என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு இது பாடப் புத்தகத்தில் ஏறியது. மேனிங், ராகவன், ஷூட்ஸே மூவரின் தகவல் தேடல் நூல், 2008. அதில் க்ராலர் பற்றிய அதிகாரத்தில் யூஆர்எல் ஃபிரான்டியருக்குத் தனிப் பிரிவே உண்டு. நடுவில் இருக்கும் பிரபாகர் ராகவன் சென்னை ஐஐடியில் படித்தவர். நான் கண்ணை மூடிக்கொண்டு பெயரை எடுத்ததும் இந்தப் புத்தகத்தில் இருந்துதான்.

மெர்கேட்டரின் ஃபிரான்டியர் ஒரு வாலல்ல, வால்களின் கூட்டம். முன்னால் சில வரிசைகள், பின்னால் நிறைய வரிசைகள். வரும் முகவரியை முதலில் எடை போட்டு, இது எவ்வளவு முக்கியம் என்று ஒரு எண் கொடுக்கிறார்கள். அடிக்கடி மாறும் செய்திப் பக்கம் என்றால் மேலே, வருடக்கணக்கில் தூசி படிந்த பக்கம் என்றால் கீழே. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முன் வரிசை. பின் வரிசைகளின் சட்டம் வேறு: ஒரு வரிசையில் ஒரே தளத்தின் முகவரிகள் மட்டும். எத்தனை த்ரெட்டுகள், அதாவது புரோகிராமின் இணையான கைகள், ஒரே நேரத்தில் பக்கம் இறக்குகின்றனவோ அதைப்போல மூன்று மடங்கு பின் வரிசைகள் வைத்துக்கொள் என்பது அவர்களுடைய கணக்கு. இந்தத் தளத்தின் கதவை மறுபடி எப்போது தட்டலாம் என்று நேரம் குறித்த சீட்டு ஒவ்வொரு பின் வரிசைக்கும் உண்டு. சீட்டுகள் ஒரு குவியலில் கிடக்கும், சீக்கிரம் வரவேண்டிய நேரம் உச்சியில். த்ரெட் வந்து உச்சிச் சீட்டை எடுக்கிறது. நேரம் வரவில்லை என்றால் காத்திருக்கிறது. வந்ததும் அந்த வரிசையின் தலையை எடுத்துப் போகிறது. ஒரு பக்கம் இறங்க ஒரு நொடி ஆனால், அடுத்ததற்குப் பத்து நொடி பொறு. பின் வரிசை ஒன்று காலியானால் முன் வரிசையில் இருந்து ஒரு முகவரியை இழுத்து, அதன் தளத்துக்கு ஏற்கெனவே வரிசை இருந்தால் அங்கே போட்டுவிட்டு இன்னொன்றை இழு. இல்லையென்றால் காலி வரிசையை அந்தத் தளத்துக்கு ஒதுக்கு.

இதில் தமிழ்ச் சொல் ஒன்று எனக்குத் துணைக்கு வந்தது. வரிசை என்றால் இன்றைக்கு நமக்கு ஒருவர் பின் ஒருவர். முதலில் வந்தவர் முதலில் போவார். பழைய தமிழில் வரிசைக்கு அதுவல்ல பொருள். தகுதி, அவரவர்க்கு உரிய மதிப்பு. புறநானூற்றில் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொல்வது இதைத்தான்: கொடுப்பது சுலபம், வந்தவர்களின் வரிசையை அளந்து பார்ப்பதுதான் கஷ்டம், புலவர்களை எல்லாம் ஒரே மாதிரி பார்க்காதே. கல்யாணத்தில் தாய்மாமன் தட்டுத் தட்டாகக் கொண்டு வரும் சீர்வரிசையில் அந்தப் பழைய பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது. தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் மட்டும் அது வரிசை இல்லை, உரியதைச் செய்வதால் வரிசை. மெர்கேட்டரின் முன் வரிசைகள் கபிலருடைய வரிசை. பின் வரிசைகள் ரேஷன் கடை வரிசை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வால் என்று ஒரே பெயரைச் சுமத்திவிட்டு, முன்னால் 'முன்னுரிமை' என்று ஒரு ஒட்டுப் போட வேண்டியிருக்கிறது.

பின் வரிசைகளும் பத்து மடங்குப் பொறுமையும் எதற்கு? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நொடிக்கு நூறு எறும்பு ஒரே கல்லில் ஊர்ந்தால் கல் தேயாது, உடையும். இந்தப் பொறுமைக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர் 'பொலைட்னஸ்', மரியாதை. ஆரம்பத்திலேயே இதற்கு இன்னொரு கதவும் இருந்தது. 1994இல் மார்ட்டைன் கோஸ்டர் முன்வைத்த ரோபோட்ஸ் கோப்பு: தளத்தின் வாசலில் ஒரு சின்ன உரைக் கோப்பு, எந்த ஊர்வான் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று. பூட்டு இல்லை, வெறும் வார்த்தை. கட்டுப்படுகிறவன் கட்டுப்படுவான். முறையான தர ஆவணமாக அது ஆனது 2022 செப்டம்பரில். இருபத்தெட்டு வருடம் எழுதாத சட்டமாகவே இருந்த ஒரு எல்லைக்கல். ஆளில்லாத நிலம் என்ற அமெரிக்கப் பொருளோடு வந்த சொல்லுக்குள், மரியாதை தெரிந்த சில புரோகிராமர்கள் பழைய ஐரோப்பியச் சாவடியைச் சத்தமில்லாமல் திரும்பக் கட்டி வைத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இதை எல்லாம் படிப்பதற்கு முன்பே நான் ஒரு கல்லை உடைத்திருந்தேன். என் க்ராலரில் பின் வரிசை கிடையாது. ஒரே வால், நடுவில் ஒரு நொடி இடைவெளி, பத்து த்ரெட். ஒரு சிறு இலக்கிய இதழின் தளம் மாட்டிக்கொண்டது. அதன் பக்கங்களில் இருந்த லிங்க்குகள் எல்லாம் அதே தளத்துக்கே போக, என் வால் முழுக்க அந்தத் தளமே நின்றது. பத்து த்ரெட்டும் அங்கேயே. மூன்றாம் நாள் அதன் ஆசிரியரிடம் இருந்து மடல் வந்தது. வாசகர்கள் பக்கம் திறக்கவில்லை என்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று இரண்டே வரி. திட்டியிருந்தால் தேவலை.

மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிட்டுப் பதிவுகளைத் திறந்து பார்த்தால், ஒரே கட்டுரையை நாலு தடவை இறக்கியிருக்கிறேன். தமிழ்த் தலைப்புகள் முகவரியில் போகும்போது ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. 'க' ஒன்றுக்கே ஒன்பது: சதவீதம் இ பூஜ்யம், சதவீதம் ஏ இ, சதவீதம் 95. 'தமிழ்' என்ற சொல்லுக்கு நாற்பத்தைந்து. அந்த 'ஏ', 'இ' ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒரு லிங்க்கிலும் சின்ன எழுத்தில் இன்னொரு லிங்க்கிலும் இருந்தன. சர்வருக்கு இரண்டும் ஒன்று. 'முன்பு பார்த்தேனா' என்று சரம் சரமாக ஒப்பிடும் என் புரோகிராமுக்கு இரண்டும் வேறு. போதாததற்கு, தலைப்பில் ஒரு 'கொ'. கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகத் தட்டினால் ஒரு முகவரி, இரண்டும் சேர்ந்த ஒற்றைக் குறியாகத் தட்டினால் வேறொரு முகவரி; கண்ணுக்கு ஒரே கொ. இரண்டு இரண்டாக நாலு. ஒரே ஆள் நாலு பை வைத்து இடம்பிடித்த கதைதான். 'ஒரே சீரான' என்ற அந்த முதல் எழுத்தை அன்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது தளத்துக்கு ஒரு பின் வரிசை வைத்திருக்கிறேன். முகவரி உள்ளே வரும்போதே பெரிய எழுத்து சின்ன எழுத்தை ஒன்றாக்கி, கொம்பையும் காலையும் சேர்த்து, அப்புறம்தான் பார்த்தேனா இல்லையா என்று கேட்கிறேன். அந்த ஆசிரியரின் தளத்துக்குப் போவதில்லை. ரோபோட்ஸ் கோப்பில் அவர் என்னைத் தடுக்கவில்லை, ஆனாலும் போவதில்லை.

பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்பானியப் பெயரில் இதற்கென்றே ஒரு பைத்தான் தொகுப்பு இருக்கிறது, ஃப்ரொந்தேரா. ஊர்ப் பெயரின் வாலில் கண்ட அதே சொல். இன்டர்நெட் ஆர்க்கைவின் க்ராலருக்கு ஹெரிட்ரிக்ஸ் என்று பெயர், பெண் வாரிசு என்று பொருள்படும் பழைய சொல். அந்த வாரிசின் வீட்டிலும் ஃபிரான்டியர் என்று ஒரு அறை உண்டு. நான் தமிழில் தேடினேன். எல்லை சரிப்படவில்லை, எல்லை என்றால் அது நின்றுவிடும். விளிம்பு தட்டையாக இருந்தது. முந்தானை வேண்டாம் என்று முன்பே தீர்மானித்தாயிற்று.

கடைசியில் கிடைத்தது ஒரு பழைய வீட்டுச் சொல். கடை என்றால் முடிவு, கடைசி, வால்ப்பக்கம். கடை என்றால் வாயிலும் கூட. தெருப்பக்கத்து முதல் வாயிலுக்குத் தலைக்கடை என்று பெயர். கொல்லைப்பக்கம் புழக்கடை, அது இன்றும் கிராமத்தில் புழங்குகிறது. தலைக்கடையைப் பிரித்துப் பாருங்கள்: தலை, கடை. நெற்றி, வால். வீட்டுக்கு உள்ளே இருக்கிறவனுக்கு அது முடிவு, வெளியே இருந்து வருகிறவனுக்கு அது தொடக்கம். வாசல் என்பதால் தட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

பைத்தான் 3இல் தமிழ்ச் சொல்லையே பெயராக வைக்கலாம். இன்னொரு நல்லதும் செய்கிறது: பெயரில் கொம்பும் காலும் எப்படித் தட்டியிருந்தாலும் அதுவே ஒன்றாக்கிக்கொள்ளும். எனவே தைரியமாக முன் வரிசைக்கு 'தலைக்கடை' என்றும் பின் வரிசைக்கு 'புழக்கடை' என்றும் மாற்றி, ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. மறுநாள் காலை அந்தப் பெண் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், புழக்கடை எனக்குத் தெரியும். பாட்டி வீட்ல அங்கதான் துணி துவைப்பாங்க."

"சரி."

"ஆனா வெளிய போற முகவரி எல்லாம் புழக்கடை வழியா போகுதே சார். நம்ம க்ராலர் தளத்துக்குள்ள கொல்லைப்பக்கமா நுழையுதுன்னு ஆகாதா?"

பெயர்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.